‘பனியால் தாமதம்’ என்பது பாதிப் பதில்

டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் பருவத்தின் முதல் பெரிய பனி கொட்டினால் போதும், மறுநாள் நம்மவர்களின் வாட்ஸாப் குழுக்களில் அந்தக் கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும்: வருஷத்தில் ஐந்து மாதம் ஸ்னோ கொட்டுகிற நாடு, இன்னுமா இவர்களுக்கு இதைச் சமாளிக்கத் தெரியவில்லை? கேட்பவர்கள் பெரும்பாலும் சென்னைக்கோ கொழும்புக்கோ கிளம்பி, நடுவழியில் லண்டனிலோ தோஹாவிலோ அடுத்த விமானத்தைக் கோட்டைவிட்டவர்கள். அரைமணி நேரத்தில் யாராவது ஒரு பெரியவர் வந்து, “இயற்கையை யார் தம்பி என்ன செய்ய முடியும்?” என்று முடித்துவைப்பார். கேள்வி கேட்டவருக்கும் சமாதானம் ஆகாது, பதில் சொன்னவருக்கும் வேறொன்றும் தெரியாது. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. மைனஸ் 20 டிகிரியில் வானம் பளிச்சென்று இருக்கும் நாளில் பியர்சனிலிருந்து விமானங்கள் ஏறக்குறைய நேரத்துக்கே கிளம்புகின்றன. மைனஸ் 1-இல் ஈரப்பனி விழும் நாளில் எல்லாம் குழம்பிப்போகிறது. குளிர்தான் காரணம் என்றால் தலைகீழாக அல்லவா நடக்கவேண்டும்?

தாமதத்தின் நெஞ்சுக்குழி வேறு இடத்தில் இருக்கிறது. கிளம்பும்முன் இறக்கையில் பனி ஒட்டாமல் இருக்கத் திரவம் அடிப்பார்கள், டீ-ஐசிங் என்று பெயர். அந்தத் திரவம் அடித்த கணத்திலிருந்து சக்கரம் தரையைவிட்டு எழும்வரை எத்தனை நிமிடம் ஆகிறது? பெருவிமான நிலையங்களின் பனிநாள் முழுக்க இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான் நடக்கிறது. பயணிகளுக்கு மட்டும் இதை யாரும் சொல்வதில்லை. பலகையில் ‘வானிலை’ என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

முதலில் ஒரு சொல் சிக்கல். தமிழில் பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மார்கழிப் பனி, புல்நுனிப் பனி, இமயத்துப் பனி எல்லாவற்றையும் ஓட்டிவிடுகிறோம். விமானத் தொழிலில் அப்படி ஓட்டமுடியாது. காற்றின் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் நேரடியாகப் படிவது உறைபனி. பஞ்சாக விழுவது பனி. மழையாக விழுந்து தொட்ட இடத்தில் கட்டியாவது உறைமழை. அரிசிக்குருணை மாதிரி டப்டப்பென்று தெறிப்பது பனிக்குருணை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிமிடக் கணக்கு உண்டு. சிலவற்றுக்குக் கணக்கே கிடையாது, நிற்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இவ்வளவு பயம் எதற்கு என்றால், இறக்கையின் மேற்பரப்பில் காற்று வழுக்கிக்கொண்டு ஓடவேண்டும். உப்புத்தாள் சொரசொரப்புக்கு உறைபனி படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவிசை 40 சதவீதம் வரை கூடலாம் என்பது விமானிகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் எண். எடை ஒரு பிரச்சினையே இல்லை. கைப்பிடி அளவு உறைபனியை மொத்த இறக்கையிலும் தேய்த்துவிட்டால் விமானம் கெடும். ஆகவே சட்டம் சுருக்கமானது: இறக்கை, வால், கட்டுப்பாட்டுப் பரப்புகள் ஆகியவற்றில் பனியோ கட்டியோ ஒட்டியிருந்தால் கிளம்பக்கூடாது. தொட்டியில் குளிர்ந்து கிடக்கும் எரிபொருளால் இறக்கையின் அடிப்பக்கத்தில் படியும் உறைபனிக்கு மட்டும் சலுகை உண்டு. தயாரிப்பாளர் அனுமதித்தால் சுமார் 3 மில்லிமீட்டர் வரை பொறுத்துக்கொள்வார்கள்.

ஆரஞ்சும் பச்சையும்

ஜன்னல் வழியே பார்ப்பவர்களுக்கு ஏதோ கார் கழுவுகிற மாதிரி இருக்கும். நடப்பது இரண்டு தனி வேலைகள். முதல் வேலை இருப்பதை அகற்றுவது. இரண்டாவது வேலை, இனி விழப்போவதை ஒட்டவிடாமல் கொஞ்ச நேரம் தடுப்பது. முதலாவதுக்கு டைப் 1 திரவம், ஆரஞ்சு நிறம். கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் தண்ணீரும் கலந்தது, தண்ணீர்போல ஓடும். பீய்ச்சும் முனையான நாசிலை விட்டு வெளியே வரும்போது குறைந்தது 60 டிகிரி செல்சியஸ் சூடாவது இருக்கவேண்டும். பனியை உருக்கித் தள்ளுவது கிளைக்கால் என்று நினைக்கிறோம். சூடும் பீய்ச்சும் வேகமும்தான் தள்ளுகின்றன. கிளைக்காலின் வேலை, உருகிய தண்ணீர் மறுபடி உறையாமல் பார்த்துக்கொள்வது. அதனால்தான் தேர்ந்த ஆள் நாசிலைப் பரப்புக்குக் கிட்டத்தில் கொண்டுபோய் அடிப்பார். தூரத்திலிருந்து வீசினால் சூடு பாதி காற்றிலேயே போய்விடும், திரவம்தான் இரட்டிப்பாகச் செலவாகும். கலவை விகிதமும் மனம்போனபடி அல்ல. டைப் 1-ஐ மட்டும் அடித்து அனுப்புவதானால் அதன் உறைநிலை வெளி வெப்பநிலையைவிடக் குறைந்தது 10 டிகிரி கீழே இருக்கவேண்டும்.

இரண்டாவது வேலைக்கு டைப் 4, பச்சை நிறம். சூடாக்கத் தேவையில்லை. பாலிமர் சேர்த்துக் கெட்டியாக்கப்பட்டது, பாகுபோல இறக்கையில் படலமாக நிற்கும். விழும் பனி இந்தப் படலத்தில் கரைந்துகொண்டே இருக்கும். இதன் சூட்சுமம் கெட்டித்தன்மையில்தான் உள்ளது. நின்றுகொண்டிருக்கும்போது பாகாக இருப்பது, ஓடுபாதையில் வேகம் கூடக்கூட காற்றின் உரசலில் இளகி, முன்சக்கரம் எழுவதற்குள் பின்னோக்கி வழிந்துவிடும். சுத்தமான இறக்கையோடு விமானம் மேலே போகும். இந்தக் குணமே இதன் பலவீனமும்கூட. தவறான பம்ப் போட்டு வேகமாகத் தள்ளினால் பாலிமர் சங்கிலிகள் வண்டிக்குள்ளேயே அறுந்துவிடும். நிறம் மாறாது, பார்வைக்குப் பச்சையாகவே இருக்கும், ஆனால் இறக்கையில் நிற்காது. அதனால் மென்மையாகத் தள்ளும் பம்புகளையே வைத்து, நாசிலில் இருந்து மாதிரி எடுத்துக் கெட்டித்தன்மையைச் சோதிப்பது வழக்கம். வெந்நீர்க் கழுவல் இல்லாமல் திரும்பத் திரும்பக் கெட்டித் திரவம் மட்டும் அடித்துவந்தால் இன்னொரு வம்பு. இடுக்குகளில் காய்ந்து பொடியாகத் தங்கி, பின்னொரு நாள் மழையில் ஊறிக் கூழாகி, உயரத்தில் உறைந்து கட்டுப்பாட்டுப் பரப்பை இறுக்கிப்பிடிக்கும். ஐரோப்பாவில் சில வகை விமானங்களில் இது நடந்த பிறகுதான் அந்த இடுக்குகளைத் திறந்து பார்க்கும் முறை வந்தது.

இனி கேள்விக்கு வருவோம்: திரவம் எத்தனை நிமிடம் தாங்கும்? இதற்குப் பெயர் ஹோல்டோவர் நேரம். கனடாவின் போக்குவரத்துத் துறையும் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ-வும் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் புதிய அட்டவணை வெளியிடுகின்றன. மைனஸ் 3 டிகிரியிலும் அதற்கு மேலும், மிதமான பனியில், அலுமினிய இறக்கையில் டைப் 1 தாங்குவது சுமார் 6 முதல் 11 நிமிடம். அவ்வளவுதான். ‘மிதமான’ என்பதற்கும் அளவுண்டு. மணிக்கு 1 முதல் 2.5 மில்லிமீட்டர் தண்ணீருக்குச் சமமான பனி. 787, ஏ350 போன்ற கார்பன் நாரிழை இறக்கைகள் சூட்டைத் தேக்கி வைக்காததால் அவற்றுக்கு இன்னும் குறைவு. டைப் 4 என்றால் பிராண்டையும் வெப்பநிலையையும் பொறுத்து அரைமணி, ஒருமணி என்று நீளும். கடும் உறைமழை, ஆலங்கட்டி போன்றவற்றுக்கு அட்டவணையில் நேரமே இல்லை.

இந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். அடித்து முடித்த பிறகு அல்ல, கடைசிக் கட்டம் ஆரம்பித்த நொடியில். பெரிய விமானத்தின் இடது இறக்கையில் பச்சைத் திரவம் பட்ட கணத்தில் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். வலது இறக்கையும் வாலும் முடிவதற்குள் கையில் இருக்கும் நேரத்தில் ஒரு துண்டு போய்விட்டிருக்கும்.

பேடுக்குள் பதினைந்து நிமிடம்

பியர்சனின் மத்திய டீ-ஐசிங் பகுதி உலகிலேயே பெரியது என்று பேரெடுத்தது. ஆறு பெரிய விரிவிடங்கள் கொண்ட இந்தத் தளத்தைத்தான் பேடு என்கிறார்கள். ஒரே நேரத்தில் ஆறு அகல விமானங்களையோ பன்னிரண்டு 737, ஏ320 அளவு விமானங்களையோ நிறுத்தலாம். டெர்மினலை விட்டு விலகி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலை நடக்கும். ஐஸ் ஹவுஸ் என்று அழைக்கப்படும் தனிக் கட்டுப்பாட்டுக் கோபுரமே அதற்கு உண்டு.

விமானி மின்பலகையைப் பார்த்து உள்ளே வந்து நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கைப் போடுகிறார். அடுத்து அவர் செய்வது ஏர்கண்டிஷன் காற்றை மூடுவது. இல்லாவிட்டால் கிளைக்கால் புகை கேபினுக்குள் வந்துவிடும். ஜீரா கொதிக்கிற மாதிரி ஓர் இனிப்பு வாடை அடித்து, பாதிப் பயணிகள் தீப்பிடித்துவிட்டது என்று எழுந்துவிடுவார்கள். ‘தயார்’ என்று விமானி சொல்லும்வரை வண்டிகள் கிட்டே வராது. அந்த வண்டிகளில் பேர்போன ஒன்று டென்மார்க்கின் வெஸ்டர்கார்டு தயாரிப்பு, பெயர் எலிஃபன்ட் பீட்டா. தும்பிக்கை மாதிரி நீண்ட கையும் அதன் நுனியில் ஆள் உட்காரும் கூண்டும் இருப்பதைப் பார்த்தால், பெயர் வைத்தவருக்கு நம்மூர் கோயில் யானை தெரிந்திருக்குமோ என்று தோன்றும்.

அடிப்பதற்கு முறை உண்டு. இறக்கையின் நுனியிலிருந்து உடலை நோக்கி, முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பை நோக்கி. பின்னாலிருந்து முன்னால் அடித்தால் உருகிய பனி கீல் இடுக்குகளுக்குள் புகுந்து அங்கே உறையும். வேகத்தை அளக்கும் பிடோ குழாய்கள், காற்றழுத்தத் துளைகள், எஞ்சின் வாய், வால்முனைத் துணை எஞ்சினின் வாய், ஜன்னல், பிரேக் ஆகியவற்றின் மேல் நேராகப் பீய்ச்சக்கூடாது. இரண்டு இறக்கைக்கும் ஒரே மாதிரி செய்யவேண்டும். இடப்பக்கம்தான் பனி இருக்கிறது என்று அதற்கு மட்டும் அடிக்கக்கூடாது, தூக்குவிசை சமனில்லாமல் போகும். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் கட்டி இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் கையால் தடவித்தான் பார்க்கவேண்டும். 1991 டிசம்பர் 27-இல் ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பிய எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் எம்டி-81 விமானத்தின் இரண்டு எஞ்சின்களையும் கெடுத்தது இறக்கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போன அப்படியொரு கட்டிதான். காட்டை ஒட்டிய வயலில் மோதி மூன்று துண்டானது. 129 பேரும் உயிர்தப்பினார்கள் என்பது அதிசயம்.

ஆரஞ்சு முடிந்ததும் அது உறைவதற்குள், பொதுவாக 3 நிமிடத்துக்குள், பச்சை தொடங்கவேண்டும். தேவைப்பட்டால் ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து அடிப்பார்கள். முடிந்ததும் விமானியிடம் வானொலியில் ஒரு வரிச் செய்தி வரும்: எந்த வகைத் திரவம், எத்தனை சதவீதம், கடைசிக் கட்டம் தொடங்கிய மணி, சோதனை முடிந்தது, வண்டிகள் விலகிவிட்டன. விமானி அந்த மணியைக் காகிதத்தில் குறித்துக்கொள்கிறார். சாதாரண நாளில் ஓர் ஏ320-க்குச் சில நூறு லிட்டர் போதும். கனத்த ஈரப்பனியில் ஆயிரத்தைத் தாண்டும். 777-க்குப் பல ஆயிரம். வழியும் திரவத்தைச் சாக்கடையில் விடமுடியாது. ஓடைக்குப் போனால் தண்ணீரிலிருக்கும் ஆக்ஸிஜனை உறிஞ்சி மீன்களைக் கொல்லும். ஆகவே பேடுக்கு அடியிலேயே வடிகாலும் தொட்டியும் இருக்கின்றன. எங்கு வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தி அடித்துவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

1992 மார்ச் 22, லகார்டியா

‘ஏன் கேட்டிலேயே முன்கூட்டி அடித்து வைக்கக்கூடாது?’ என்பது அடுத்து வரும் கேள்வி. அப்படித்தான் ஒருகாலத்தில் செய்துவந்தார்கள். நியூயார்க் லகார்டியாவில் யுஎஸ்ஏர் 405 கிளம்பிய இரவு வரை.

ஃபாக்கர் எஃப்28, 51 பேர், கிளீவ்லண்டுக்குப் போகவேண்டிய விமானம். ஏற்கெனவே தாமதமாகத்தான் லகார்டியா வந்துசேர்ந்தது. வெப்பநிலை உறைநிலையை ஒட்டி, லேசான ஈரப்பனி. கேட்டிலேயே டைப் 1 அடித்தார்கள். அடித்த வண்டிகளில் ஒன்று விமானத்துக்குப் பின்னாலேயே பழுதாகி நின்றுவிட்டது. அதை அகற்றும்வரை விமானம் பின்னால் நகர முடியவில்லை, சுமார் 20 நிமிடம் போயிற்று. கேப்டன் சரியான முடிவெடுத்தார், மறுபடி அடிக்கச் சொன்னார். இரண்டாவது முறை அடித்து முடிந்தபோது மணி ஏறக்குறைய ஒன்பது. அதற்குப் பிறகு ஓடுபாதைக்குப் போகும் வழியான டாக்சிவேயில் வரிசை. முன்னால் விமானங்கள், அவற்றுக்கு முன்னால் இன்னும் சில. துணைவிமானி இறக்கை விளக்கைப் போட்டுப் பலமுறை திரும்பிப் பார்த்தார். காக்பிட்டிலிருந்து இரவில், ஈரமான கண்ணாடி வழியாக. நன்றாகத்தான் இருக்கிறது என்று பட்டது. 9.35-க்கு ஓடுபாதையில் ஓடத் தொடங்கியது. இரண்டாவது முறை அடித்து 35 நிமிடம் ஆகியிருந்தது.

எழும்பியது, ஆனால் ஏறவில்லை. சாய்ந்து, தடுமாறி, ஓடுபாதையின் முடிவைத் தாண்டி ஃப்ளஷிங் விரிகுடாவில் தலைகீழாகப் போய் விழுந்தது. 27 பேர் இறந்தார்கள். மேலே சொன்ன 6–11 நிமிடக் கணக்கை இந்த 35-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த விபத்தில் யாரும் டீ-ஐசிங்கைத் தவிர்க்கவில்லை. இரண்டு முறை செய்தார்கள். திரவத்தின் ஆயுள் தீர்ந்தபிறகு கிளம்பினார்கள். அமெரிக்க விசாரணை வாரியம், விமானிகளின் முடிவைக் காரணமாகச் சொல்லும் அதே மூச்சில், உறைபனிச் சூழலில் புறப்பாடு தாமதமாகும்போது என்ன செய்வது என்பதற்குத் தகுந்த நடைமுறையை விமானிகளுக்கு வகுத்துக் கொடுக்காத விமானத் துறையையும் எஃப்ஏஏ-வையும் காரணமாகச் சேர்த்தது. வரிசையும் ஒரு குற்றவாளியாக எழுதப்பட்டது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

பத்து வருடம் முன்பே இதற்கு ஒத்திகை நடந்திருந்தது. 1982 ஜனவரி 13, வாஷிங்டன், ஏர் ஃப்ளோரிடா 90. திரவம் அடித்து முடித்ததற்கும் கிளம்பியதற்கும் இடையில் 49 நிமிடம். எஞ்சினின் பனித்தடுப்பைப் போடவில்லை என்ற வேறு தவறும் சேர்ந்துகொண்டது. வரிசையில் முன்னால் நின்ற விமானத்தின் எஞ்சின் சூட்டில் தங்கள் விமானத்தின் பனி உருகட்டும் என்று ஒட்டி நின்றார்கள். உருகியது பின்னால் போய் உறைந்தது. விமானம் மோதிய பாலத்தில் இருந்த 4 பேரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள்.

லகார்டியாவுக்குப் பிறகு எல்லாம் மாறியது. அந்த ஆண்டு நவம்பரிலேயே அமெரிக்காவில் புதிய விதி அமலுக்கு வந்தது. ஹோல்டோவர் நேரம் தாண்டிவிட்டால் ஒன்று மறுபடி அடிக்கவேண்டும், அல்லது கிளம்புவதற்கு முந்தைய 5 நிமிடத்துக்குள் இறக்கையைச் சோதித்துச் சுத்தம் என்று உறுதிசெய்யவேண்டும். கெட்டித் திரவங்கள் பரவலாயின. டீ-ஐசிங்கைக் கேட்டிலிருந்து பிடுங்கி ஓடுபாதைக்குக் கிட்டே கொண்டுபோவது பெரிய நிலையங்களின் வழக்கமானது. மியூனிக்கில் ஓடுபாதை முனைகளிலேயே அடித்து, வழிந்த திரவத்தைச் சேகரித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். ஆக, கேட்டில் முன்கூட்டி அடித்துவைக்காதது சோம்பலால் அல்ல. அடித்து வைத்து வரிசையில் நின்றதன் விலையைப் பார்த்துவிட்டார்கள்.

வரிசைக் கணக்கு

இப்போது பனிநாளின் தாமதம் எப்படி ஊதிப்பெருக்கிறது என்று பார்க்கலாம். கணக்குக்காக ஆறு இடமுள்ள ஒரு பேடை வைத்துக்கொள்வோம். ஒரு விமானத்துக்கு 15 நிமிடம் என்றால் மணிக்கு 24 விமானம் வெளியேறும். மணிக்கு 30 விமானம் கிளம்ப அட்டவணை இருக்கிறது. மணிக்கு ஆறு ஆறாகத் தேங்கி, மூன்று மணி நேரத்தில் 18 விமானம் காத்திருக்கும். கடைசியில் நிற்பவருக்கு 45 நிமிடத் தாமதம். இதுவரை பரவாயில்லை. பனி கொஞ்சம் கனக்கிறது, ஒரு விமானத்துக்கு 25 நிமிடம் ஆகிறது. மணிக்கு 14 விமானம்தான் வெளியேறும். அதே 18 விமானம் நகர இப்போது 75 நிமிடம். விழும் பனியில் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. தாமதம் மட்டும் முக்கால் மணியிலிருந்து ஒன்றேகால் மணி ஆகிவிட்டது. இதற்குள் புதிதாக வந்து சேர்பவர்களை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

இதோடு ஓடுபாதையும் சேரும். பனி வழிக்கும் வண்டிகள் படையாகச் சாய்ந்த வரிசையில், கலப்பை, சுழல் துடைப்பம், ஊதுகுழாய் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒரு சுற்றுக்குக் கால்மணி, இருபது நிமிடம் ஓடுபாதை மூடப்படும். பியர்சனுக்கு ஐந்து ஓடுபாதைகள் என்றாலும் காற்றின் திசைக்கு ஒத்தவற்றைத்தான் பயன்படுத்தமுடியும். சாலையில் போடுகிற உப்பை இங்கே போடமுடியாது, அலுமினியத்தை அரித்துவிடும். பொட்டாசியம் அசிடேட், பொட்டாசியம் ஃபார்மேட் மாதிரிதான் தெளிப்பார்கள். சுத்தம் செய்தபின் ஓடுபாதையை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 6 வரை ஒரு எண் கொடுப்பார்கள். 6 என்றால் காய்ந்த தரை. எண் குறையக் குறைய விமானம் தாங்கும் பக்கக்காற்றின் அளவும் குறையும், இறங்கும் விமானங்களுக்கு இடையிலான இடைவெளி கூடும்.

விஷயம் முடிச்சுப்போடுவது இங்கேதான். பேடில் அடித்து முடித்து 20 நிமிடத்தில் கிளம்பவேண்டிய விமானம், ஓடுபாதையை வழிக்கும் நேரம் பார்த்து முனையில் மாட்டிக்கொள்கிறது. நேரம் தீர்ந்துபோகிறது. திரும்பப் பேடுக்கு வருகிறது. ஒரு விமானத்துக்கு இரண்டு முறை வேலை, இரண்டு முறை திரவம். அதற்காகப் புதிதாக ஒருவர் காத்திருக்கவேண்டும், அவருக்கும் நேரம் தீர்கிறது. கேட்டைவிட்டு நகரமுடியாத விமானங்களால் தரையிறங்கியவற்றுக்குக் கேட் கிடைக்காது. அவை டாக்சிவேயில் நின்று பேடுக்குப் போகும் வழியை அடைக்கும். விமானக் குழுவுக்கும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. கனடாவில் பணி தொடங்கும் நேரத்தைப் பொறுத்து 9 முதல் 13 மணி நேரம், அதன்பின் வேறு குழு வேண்டும். பயணிகளுக்காக இன்னொரு கடிகாரம். கதவு மூடி 3 மணி நேரம் தரையில் நின்றால் இறங்க வாய்ப்புக் கொடுக்கவேண்டும், கிளம்பும் வாய்ப்பு இருந்தால் இன்னும் 45 நிமிடம் நீட்டலாம். இரண்டே முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று ஐந்தாவது இடத்துக்கு வந்த விமானி என்ன செய்வார்? எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் யாராவது திட்டுவார்கள்.

இதற்கு மருந்து, விமானங்களைக் கேட்டிலேயே பிடித்துவைத்து, பேடில் இடம் காலியாகும் நிமிடத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றாக விடுவது. ஐரோப்பாவின் பெரிய நிலையங்கள் புறப்பாட்டு நேரக் கணக்கிலேயே டீ-ஐசிங் தொடங்கும் நேரத்தையும் ஒரு கட்டமாகச் சேர்த்துவைத்திருக்கின்றன. பயணிக்கு இது எரிச்சலூட்டும். விமானம் கண்ணெதிரே நிற்கிறது, ஏற்றமாட்டேன் என்கிறார்கள். ஆனால் வரிசை டாக்சிவேயில் இருப்பதைவிடக் கேட்டில் இருப்பது மேல். எரிபொருள் மிச்சம், கழிப்பறையும் பக்கத்தில். முக்கியமாக, திரவத்தின் கடிகாரம் இன்னும் தொடங்கவில்லை.

குளிர் பற்றியும் ஒரு வார்த்தை. மைனஸ் 20-இல் விழும் காய்ந்த பனி குளிர்ந்த இறக்கையில் ஒட்டாது, சில சமயம் அடிக்காமல் விடுவதே உத்தமம். சூடான திரவம் பட்டால்தான் ஒட்ட ஆரம்பிக்கும். சூடான எரிபொருளை நிரப்பினாலும் அதே கதை. உறைநிலையை ஒட்டிய இரண்டு மூன்று டிகிரிதான் இந்தத் தொழிலில் வயிற்றைக் கலக்கும் இடம்.

எது வானிலை, எது நிர்வாகம்

வாட்ஸாப் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது என்று சொன்னால் பெரியவர் கோபித்துக்கொள்வார், ஆனால் இருக்கிறது. பனி விழுவது வானிலை. எத்தனை வண்டி, எத்தனை ஆள், கிடங்கில் எத்தனை லிட்டர் என்பது நிர்வாகம். 2010 டிசம்பர் 18-இல் ஹீத்ரோவில் ஒரு மணி நேரத்தில் சுமார் 7 சென்டிமீட்டர் பனி விழுந்தது. கனடாக்காரர்கள் சிரிப்பார்கள். ஐந்து நாளில் 4,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. ஓடுபாதையைவிட நிறுத்துமிடங்கள்தான் காலைவாரின, நின்ற விமானங்களைச் சுற்றி விழுந்தது கட்டியாகிவிட்டது. அதே வாரம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், பாரிஸ் சார்ல்ஸ் டி கோலில் கிளைக்கால் கையிருப்பு தீரும் நிலைக்கு வந்து, பிற்பகல் விமானங்களில் பாதியை ரத்துசெய்யச் சொன்னார்கள். பெட்டிக்கடையில் சில்லறை இல்லாத மாதிரி, விமானம் இருக்கிறது, விமானி இருக்கிறார், திரவம் இல்லை.

இந்தப் பாகுபாட்டில் காசும் இருக்கிறது. 2019-இல் வந்த கனடாவின் விமானப் பயணியர் விதிகளின்படி காரணம் நிறுவனத்தின் கைமீறியது என்றால் அசௌகரியத்துக்கான இழப்பீட்டுத் தொகை கிடையாது, வேறு விமானத்தில் இடம் ஏற்பாடு செய்யவேண்டும், 2022 முதல் 48 மணி நேரத்துக்குள் அது முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். ஆகவே ‘வானிலை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாவற்றையும் திணிக்க ஆசை வருவது இயல்பு. பனி விட்டு ஆறு மணி நேரமாகியும், மற்ற நிறுவனங்களின் விமானங்கள் கிளம்பிக்கொண்டிருக்கும்போதும் உங்கள் விமானம் மட்டும் நிற்கிறது என்றால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். திரவம் அடிக்க ஆளில்லையா, பணிநேரம் முடிந்து விமானக் குழு இல்லையா, முந்தைய விமானம் வரவில்லையா? ஒவ்வொன்றும் வேறு வேறு.

ஏறி உட்கார்ந்துவிட்டால் இறக்கைக்குச் சற்றுப் பின்னால் உள்ள ஜன்னல் நல்ல இடம். பச்சைப் படலம் பளபளவென்று ஈரமாக இருந்தால் திரவம் வேலை செய்கிறது. பளபளப்பு மங்கி, முன்விளிம்பிலோ பின்விளிம்பிலோ வெள்ளைத் திட்டுகள் கரையாமல் தங்க ஆரம்பித்தால் திரவம் தோற்றுக்கொண்டிருக்கிறது. அப்படிப் பார்த்தால் மணியை அடித்துப் பணியாளரிடம் சொல்லுங்கள், விமானியிடம் சேர்த்துவிடுவார்கள். தப்பாகவே இருந்தாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

1989 மார்ச் 10-இல் பியர்சன் இருக்கும் இதே ஒண்டாரியோவின் டிரைடன் ஊரில், ஏர் ஒண்டாரியோ 1363 பனியோடு கிளம்பி மரங்களுக்குள் விழுந்தது. அதுவும் ஃபாக்கர் எஃப்28. பெரிய எஞ்சின்களைக் கிளப்பும் துணை எஞ்சின் பழுது, அந்தச் சிறு நிலையத்தில் எஞ்சினைத் திரும்பக் கிளப்பும் கருவி இல்லை. அணைத்தால் கிளப்பமுடியாது. எஞ்சின் ஓடும்போது திரவம் அடிக்க நிறுவனத்தில் அனுமதி இல்லை. அடிக்காமலே கிளம்பினார்கள். 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். நீதிபதி வர்ஜில் மொஷான்ஸ்கி ஆணையம் 1992-இல் 191 பரிந்துரைகள் கொடுத்தது. அன்று பயணிகளோடு பயணிகளாகப் பணியில் இல்லாத விமானிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இறக்கையில் பனி இருந்ததை இருவரும் பார்த்தார்கள். காக்பிட்டுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.